கூப்பிடக் கூடாத பெயர்

சாண்டி போர்
14 மார்ச் 1989

தம்பிக்கு,

அக்கா லொரெய்ன் எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். அம்மாவின் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா?

நம் பெரியம்மாவின் மூத்த மகன் போய்விட்டார். ஆறாம் தேதி, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் மருத்துவமனையில். சிறுநீரகம். உனக்கும் அண்ணனுக்கும் ஒரே பெயர். ஒரு போதகரின் பெயரை இரண்டு வீட்டிலும் வைத்துவிட்டார்கள். துக்கம் முடியும்வரை அந்தப் பெயரை யாரும் சொல்லப்போவதில்லை. ஆகவே இன்றிலிருந்து நீயும் குமஞ்சாயி, பெயர் சொல்லக் கூடாதவன். அதே பெயர்கொண்ட லாரி ஓட்டுநரும் குமஞ்சாயி, பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்புப் பையனும் குமஞ்சாயி. பெயர் போனவர்கள் இப்போது ஊரில் நிறைய.

கடைத் தொலைபேசியிலிருந்து உன் கால்பந்துக் கழகத்துக்குப் பேசினேன். ஒரு பெண் எடுத்தார்.

"யாரு வேணும்?"

"டிக்சன். என் தம்பி."

"ரெண்டு டிக்சன் இருக்காங்கம்மா. முதல் பேரு சொல்லுங்க."

"அதைச் சொல்ல முடியாதுங்க. அது செத்துப்போனவர் பேரு."

"செத்துப்போனவரோடயா பேசணும்?"

சிரித்துவிட்டு வைத்துவிட்டார். "கறுப்பு டிக்சன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாமே" என்றார் ஜப்பனங்கா மாமா. எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். உறையில் உன் சட்டை எண்ணைப் போட்டிருக்கிறேன்.

அடக்கம் ஏப்ரல் ஒன்றாம் தேதி, சனிக்கிழமை. உனக்காகத்தான் தள்ளிப் போட்டிருக்கிறோம். பெரியம்மாவும் அண்ணியும் துக்கம் காக்கப் பெண்கள் முகாமுக்குப் போய்விட்டார்கள். பேச்சை நிறுத்திவிட்டார்கள். எல்லாம் கைச் சைகையால்தான். வந்துவிடு.

அக்கா


மெல்பர்ன்
9 ஏப்ரல் 1989

அக்காவுக்கு,

முழங்கால் சரியாகிவிட்டது. இங்கே மழை. அம்மாவிடம் மாத்திரையை விடாமல் போடச் சொல்.

உன் கடிதம் நான்காம் தேதிதான் கைக்கு வந்தது. பதினான்காம் எண் சட்டை இங்கே மூன்று அணிகளிலும் உண்டு. இரண்டாம் அணிக்காரர் யாரோ ரசிகை எழுதியிருப்பதாக நினைத்து, பிரித்துப் படித்துவிட்டு, ஒன்றும் புரியாமல் தன் பெட்டியில் போட்டு வைத்திருந்தார். பிறகு அவருக்கே சந்தேகம் வந்து என்னிடம் கொண்டுவந்தார். நல்ல மனிதர்தான். மன்னிப்புக் கேட்டார்.

ஒன்றாம் தேதி நான் ஆடிக்கொண்டிருந்தேன். ஆறு கோல். பத்திரிகையில் படம் வந்திருக்கிறது. அனுப்பவில்லை.

தலையை மழித்துக்கொண்டேன். பயிற்சியாளர் ஆலனிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"குமஞ்சாயியா? என்னடா அது, சீனா ஓட்டல் சாப்பாடு மாதிரி இருக்கு?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பாரி மல்டூன் மட்டும் கேட்டான்: "எவ்ளோ நாளைக்கு மச்சி?" ஒரு வருஷம் ஆகலாம், கூடவும் ஆகலாம் என்றேன். "அடப்பாவி. ஓடிட்டே இருக்கும்போது எனக்கு இது வாயில நுழையாது. ஜாக்னு கூப்பிடுறேன்" என்றான். நம் பிரிவில் ஆண்களெல்லாம் ஜக்காமரா, பெண்களெல்லாம் நக்காமரா என்று அவனிடம் முன்பே சொல்லியிருந்தேன், அதில் பாதி. பரவாயில்லை. பாரி எங்கள் அணியிலேயே உயரமானவன். ஆட்டத்தில் எனக்குப் பக்கத்தில் நிற்பவன் அவன்தான்.

பெரியம்மாவிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. நீயே ஏதாவது சொல்.

தம்பி


சாண்டி போர்
2 மே 1989

தம்பிக்கு,

எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். இரவில் குளிர ஆரம்பித்துவிட்டது. நீ கம்பளிச் சட்டை வாங்கினாயா?

பெரியம்மாவிடம் சொன்னேன். என்ன சொன்னேன் என்று கேட்காதே.

சனிக்கிழமை ஆட்டத்தை மன்றத்துத் தொலைக்காட்சியில் பார்க்கிறோம். சத்தத்தை மூடிவிடுகிறோம், இல்லாவிட்டால் வர்ணனைக்காரர் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். சத்தம் இல்லாத குறையைத் தீர்க்க மாமா தானே வர்ணனை செய்கிறார். "வர்றான் நம்ம ஜக்காமரா... எகிறுறான்... புடிச்சிட்டான்... டேய் வெள்ளைச் சட்டை, அவன் முதுகுல ஏன்டா ஏறுற?" பெரியம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்து அம்பயரைக் கையாலேயே திட்டுகிறார். போன வாரம் அவர் காட்டிய ஒன்றைப் பார்த்து அம்மா முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டார்.

வெஸ்ட் ஹாலம் ஆட்டத்தில் நீ ஏன் பாதியில் மைதானத்து நடுவில் நின்றுவிட்டாய்? பந்து உன்னைத் தாண்டிப் போயிற்று. நீ திரும்பவே இல்லை. எதிரே வந்தவன் ஏதோ பேசிக்கொண்டிருந்தான்.

அக்கா


மெல்பர்ன்
28 மே 1989

அக்காவுக்கு,

சட்டை வாங்கிவிட்டேன். வீட்டுக்கார அம்மா டோரிகன் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டுக்கறி வறுத்துத் தருகிறார். எடை கூடியிருக்கிறது.

ஏப்ரலில், வெஸ்ட் ஹாலம் ஆட்டத்துக்கு முன்னால், ஒரு பத்திரிகைக்காரர் வந்து பெயர் விஷயத்தைக் கேட்டார். விளக்கினேன், பெரியம்மா பேச்சை நிறுத்தியதையும் சொன்னேன். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார், ஆனால் அது வந்ததிலிருந்து எதிரணி ரசிகர்கள் வேலிக்குப் பின்னால் நின்று அந்தப் பெயரைக் கோரஸாகக் கத்துகிறார்கள். அறிவிப்பாளரிடம் எண்ணை மட்டும் சொல்லச் சொன்னேன். நிகழ்ச்சித் தாளில் அச்சானதைத்தான் படிக்க முடியும் என்றார்.

வெஸ்ட் ஹாலம் ஆட்டக்காரனின் பெயர் கெல்லர். அவன் பேசியதில் நம் நிறம் இருந்தது, அண்ணனின் பெயர் இருந்தது, பெரியம்மாவைப் பற்றியும் ஒன்று இருந்தது. முழுவதையும் அக்காவுக்கு எழுதும் வழக்கம் நமக்கு இல்லை. புகார் கொடுத்திருக்கிறேன்.

இங்கே இன்னும் மழைதான்.

தம்பி


சாண்டி போர்
12 ஜூன் 1989

தம்பிக்கு,

இங்கே சளிக் காய்ச்சல் பரவுகிறது. மருத்துவ நிலையத்தில் நானும் ஒரு வெள்ளைக்கார நர்ஸும் மட்டும். நான் படுக்கவில்லை, படுக்க நேரமில்லை.

விசாரணை நடக்கப்போவதாக ரேடியோவில் சொன்னார்களாம். ஒன்று யோசித்தாயா? அவன் சொன்னதை நீ அங்கே திருப்பிச் சொல்லியாக வேண்டும். அதற்குள் அண்ணனின் பெயர் இருக்கிறது. எனக்கே நீ எழுத முடியாததை அவர்கள் முன்னால் எப்படிச் சொல்வாய்? பக்கத்தில் நின்ற யாராவது கேட்டிருந்தால் அவர்களைச் சொல்லச் சொல்.

நன்றாகச் சாப்பிடு.

அக்கா


மெல்பர்ன்
25 ஜூன் 1989

அக்காவுக்கு,

காய்ச்சல் இறங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். நான் சௌக்கியம்.

விசாரணை முடிந்துவிட்டது. மூன்று பேர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் முதலில் என் முழுப் பெயரைக் கேட்டார்.

"ஜக்காமரா டிக்சன்."

"ஒப்பந்தத்துல வேற பேரு இருக்கே."

"அதை இப்ப சொல்றதில்லைங்க."

"அப்ப ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டது நானா?" என்று பக்கத்திலிருந்தவர் கேட்டார். சிரிப்பு.

பிறகு கெல்லர் சொன்ன வார்த்தைகளை அப்படியே சொல்லச் சொன்னார்கள். பெயரை விட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். பாதியைச் சொன்னால் பதிவு செய்ய முடியாது, முழுதாகச் சொல் அல்லது தாளில் எழுதிக் கொடு என்றார்கள். எழுதுவதும் சொல்வதும் எனக்கு ஒன்றுதான் என்றேன்.

கெல்லர் எழுந்து, "நான் அவனைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டேன் சார். மனுஷனைப் பேர் சொல்லிக் கூப்பிடறதும் குத்தமா?" என்றான்.

பாரியைக் கூப்பிட்டார்கள். எனக்கு இரண்டு கை தூரத்தில் நின்றவன் அவன். "கூட்டத்துச் சத்தம் சார். ஒண்ணும் காதுல விழல" என்றான்.

ஆதாரம் இல்லை என்று தள்ளுபடி செய்துவிட்டார்கள். வெளியே வந்ததும் பாரி தன் காரில் ஏறிக்கொள்ளச் சொன்னான். டிராமில் வந்துவிட்டேன்.

தம்பி


கிரேஸ்டன் கால்பந்துக் கழகம்
மெல்பர்ன்
4 ஜூலை 1989

மதிப்பிற்குரிய செல்வி லொரெய்ன் டிக்சன் அவர்களுக்கு,

தாங்களும் குடும்பத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் உறவினரின் மறைவுக்குக் கழகத்தின் சார்பில் என் வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். செய்தி எங்களுக்குத் தாமதமாகவே தெரிந்தது.

தங்கள் சகோதரர் எங்கள் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர். அவரது ஒப்பந்தம் இந்தப் பருவத்தோடு முடிகிறது. அதைப் புதுப்பிக்கவே நான் விரும்புகிறேன். ஆனால் இந்தப் பெயர் விவகாரம் அணிக்குள்ளும் வெளியிலும் தொல்லையாகிவிட்டது. நிர்வாகக் குழுவில் பலர் பொறுமை இழந்துவிட்டனர்.

ஆகஸ்ட் ஐந்தாம் தேதி நாங்கள் வெஸ்ட் ஹாலமை மீண்டும் சந்திக்கிறோம். ஆட்டத்துக்கு முன் திரு. கெல்லர் ஒலிபெருக்கி முன்னால் தங்கள் சகோதரரைப் பெயர் சொல்லி அழைக்க, அவரும் தம் பெயரைத் தாமே சொல்லிக் கைகுலுக்கினால் விஷயம் முடிந்துவிடும். வழக்கம் தடுக்கிறது என்கிறார் தங்கள் சகோதரர். குடும்பத்தார் விலக்கு அளிக்கலாம் என்றும் கேள்விப்பட்டேன். அவருடைய எதிர்காலத்தை மனத்தில் கொண்டு, ஒரு வரி எழுதி அனுப்பினால் நன்றியுடையவனாவேன்.

தங்கள் உண்மையுள்ள,
இ. ஜே. ப்ளங்கெட்
செயலாளர்


சாண்டி போர்
17 ஜூலை 1989

தம்பிக்கு,

அம்மா நலம். எனக்குத்தான் கடைசியில் காய்ச்சல் வந்தது, போய்விட்டது.

உன் செயலாளர் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். உனக்குத் தெரிந்து எழுதினாரா, தெரியாமலா என்று தெரியவில்லை. பெண்கள் முகாமுக்கு எடுத்துப்போய்ப் பெரியம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவர் அடுப்பில் கங்காரு வால் வாட்டிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு பேசினார். கை பேசியதை வாய் பேசியதுபோல எழுதுகிறேன்.

"பையனுக்கு அந்த ஆட்டம் பிடிக்குமா?"

"ரொம்பப் பிடிக்கும்."

"சொல்லாட்டி அனுப்பிடுவாங்களா?"

"அப்படித்தான் எழுதியிருக்காங்க."

"அப்ப சொல்லட்டும். எனக்குப் போனது போயிடுச்சு. இருக்கறவனை நான் ஏன் கட்டிப்போடணும்?"

ஆண்கள் அங்கே வரக்கூடாது என்பதால் மாமா தண்ணீர்த் தொட்டிக்கு அப்பால் நின்றுகொண்டு கத்தினார்: "அவன் ஒருத்தன் சொன்னா சரி! அப்புறம் எல்லாவனும் சொல்லுவான்! பீர் குடிச்சிட்டு வேலியில தொங்குறவன் வரைக்கும் சொல்லுவான்! அவனுங்க யாரைக் கேட்டு வாயை மூடுவானுங்க?"

பெரியம்மா அவர் பக்கம் திரும்பிக் கையால் ஒன்று சொன்னார். மாமாவின் வயிற்றைப் பற்றியது. முகாமே சிரித்தது. அண்ணியும் சிரித்தார், மார்ச்சுக்குப் பிறகு முதல் தடவை. ஆனால் மாமா நகரவில்லை. "என்னைக் கேலி பண்ணு. நான் சொன்னது தப்புன்னு சொல்லு பாப்போம்" என்றார். பெரியம்மா அடுப்புப் பக்கம் திரும்பி வாலைப் புரட்டிப் போட்டார்.

ஆக, உனக்கு அனுமதி இருக்கிறது. நான் என்ன நினைக்கிறேன் என்று நீ கேட்கவில்லை. அதனால் எழுதவில்லை.

அக்கா


சாண்டி போர்
17 ஜூலை 1989

செயலாளர் அவர்களுக்கு,

எங்கள் நலம் விசாரித்ததற்கு நன்றி. நீங்களும் நலமாக இருங்கள்.

இறந்தவரின் தாயார் விலக்கு அளித்திருக்கிறார். அது என் தம்பிக்கு மட்டும். உங்கள் அறிவிப்பாளருக்கோ, திரு. கெல்லருக்கோ, உங்களுக்கோ அல்ல. தம்பி சொல்வதும் சொல்லாததும் அவன் விருப்பம்.

லொரெய்ன் நக்காமரா டிக்சன்


சாண்டி போர்
8 ஆகஸ்ட் 1989

தம்பிக்கு,

உன்னிடமிருந்து ஒரு மாதத்துக்கு மேலாகக் கடிதம் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

சனிக்கிழமை மன்றம் நிறைந்துவிட்டது. பக்கத்து ஊரிலிருந்து இரண்டு வண்டிகளில் வந்திருந்தார்கள். வழக்கம்போலச் சத்தத்தை மூடிவிட்டோம். கெல்லர் கை நீட்டியதைப் பார்த்தோம். அவன் வாய் அந்தப் பெயரைச் சொன்னதும் தெரிந்தது. உன் கை கீழேயே இருந்தது. பிறகு நீ ஒலிபெருக்கியை வாங்கிப் பேசினாய், நெடுநேரம் பேசினாய். யாரோ ஓடிவந்து பிடுங்கப் பார்த்தார்கள், பாரி குறுக்கே வந்து நின்றான். அதோடு விளம்பரம் போட்டுவிட்டார்கள். விளம்பரம் முடிந்தபோது பதினான்காம் எண் சட்டை மைதானத்தில் இல்லை.

மாமாவால் அன்று வர்ணனை செய்ய முடியவில்லை. "என்னம்மா சொன்னான்? யாராவது சத்தத்தைத் திறந்திருக்கக் கூடாதா?" என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தார். அதைத் திறக்கக் கூடாது என்று ஏப்ரலில் சொன்னவரே அவர்தான்.

என்ன சொன்னாய்? பெரியம்மா கேட்கிறார்.

அக்கா


மெல்பர்ன்
20 ஆகஸ்ட் 1989

அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுதுவதற்கு முன் முடிவு செய்ய வேண்டியிருந்தது, அதனால் எழுதவில்லை.

ஐந்தாம் தேதி காலை வரை சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன். ப்ளங்கெட்டிடமும் அப்படியே சொன்னேன். அவர் முதுகில் தட்டி, "நல்ல பையன்" என்றார். புதிய ஒப்பந்தம் அவர் மேசையிலேயே இருந்தது. மைதானத்தில் கெல்லர் கையை நீட்டினான். சிரித்துக்கொண்டே ஒலிபெருக்கியில் அந்தப் பெயரைச் சொன்னான். வேலிக்குப் பின்னால் இருந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு கத்தினார்கள். மாமா சொன்னது நடந்தது. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே நடந்துவிட்டது.

ஒலிபெருக்கியை வாங்கினேன். சொன்னது இவ்வளவுதான்:

"போன மாசம் உங்க கழகத்துப் பழைய தலைவர் செத்துட்டார்னு எல்லாரும் ஒரு நிமிஷம் நின்னீங்க. நானும் நின்னேன். தொப்பியைக் கழட்டினீங்க. ஒருத்தரும் பேசல. எங்க வீட்டுல அது ஒரு நிமிஷம் இல்ல, ஒரு வருஷம். வேற வித்தியாசம் ஒண்ணுமில்ல. இந்தப் பேரைச் சொல்ல எங்க பெரியம்மா எனக்கு அனுமதி குடுத்துட்டாங்க. ஆனா நான் சொல்லப்போறதில்ல. ஏப்ரல்ல இவன் எங்கிட்ட சொன்னதை மட்டும் சொல்றேன்."

பெயரை விட்டுவிட்டு மற்றதை முழுதாகச் சொன்னேன். சில பேர் ஊளையிட்டார்கள். முன்வரிசையில் நின்ற ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார். வேறு யாரும் கழற்றவில்லை. அவர் எதற்காகக் கழற்றினார் என்று எனக்குத் தெரியாது. வெயிலுமில்லை.

ஆலன் என்னை உள்ளே போகச் சொன்னார். உடை மாற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்று மாலை பாரி வந்தான். வாசலிலேயே நின்றான். "கேட்டேன் ஜாக். அன்னைக்கே கேட்டேன்" என்றான்.

"அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

"ஆமா."

மறுநாள் விசாரணைக் குழுவுக்குத் தானே எழுதிக் கொடுத்திருக்கிறான். பெயரையும் சேர்த்து முழுதாக எழுதினானாம். அது அவன் எழுதியது, நானில்லை. கெல்லருக்கு இரண்டு ஆட்டத் தடை. ஆட்டத்துக்கு இழுக்கு உண்டாக்கியதாக எனக்கு நான்கு. பருவம் அதோடு முடிகிறது. மேசையிலிருந்த ஒப்பந்தத்தை எடுத்துவிட்டார்கள்.

பெரியம்மாவிடம் இதைச் சொல். அனுமதி வருவதற்கு முன்னால் சொல்லாமல் இருந்தது எனக்கு ஒரு விதி, அவ்வளவுதான். பாதி நாள் அதை நினைத்து எரிச்சல்கூடப் பட்டிருக்கிறேன். அனுமதி கையில் இருக்கும்போது சொல்லாமல் இருந்தது நான் செய்தது.

அவன் சொன்ன மற்ற வார்த்தைகளை உனக்கு எழுதவில்லை. இனி நாற்பதாயிரம் பேருக்குத் தெரியும், அக்காவுக்கு மட்டும் தெரியாது. அப்படியே இருக்கட்டும்.

வியாழக்கிழமைப் பேருந்தில் கிளம்புகிறேன். அடக்கம் செய்த இடத்தை எனக்கு யாராவது காட்ட வேண்டும்.

தம்பி


சாண்டி போர்
19 நவம்பர் 1989

செயலாளர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நீங்கள் நலம் என்று அறிந்தேன். இங்கே கடும் வெயில், மற்றபடி எல்லோரும் சுகம்.

பருவத்தின் கடைசி ஆட்டங்களில் தோற்றதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நாங்களும் பார்த்தோம். நிர்வாகக் குழு நடந்ததை மறக்கத் தயார் என்றும், பிப்ரவரிப் பயிற்சிக்கு என் தம்பி வருவானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கடிதத்தை அவனிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "நீயே எழுதிடுக்கா. அவங்க உன்னைத்தானே கேட்டாங்க" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டான். சனிக்கிழமைகளில் எங்கள் ஊர் அணிக்கு ஆடுகிறான். செம்மண் தரை, புல் கிடையாது. முழங்கால் தோல் உரிந்து என்னிடம்தான் மருந்துக்கு வருகிறான். சந்தோஷமாக இருக்கிறான் என்று சொல்ல மாட்டேன். பெரிய மைதானத்தில் ஆடத்தான் அவனுக்கு ஆசை. அது உங்களுக்கும் தெரியும். அதனால்தான் எழுதியிருக்கிறீர்கள்.

அவன் வருவான். நிகழ்ச்சித் தாளில் ஜக்காமரா டிக்சன் என்று அச்சிட வேண்டும். அறிவிப்பாளர் அதைப் படிக்க வேண்டும். அச்சானதைத்தான் படிக்க முடியும் என்று அவரே சொல்லியிருக்கிறார். உங்கள் ஆட்களில் யாராவது வேலிக்குப் பின்னால் நின்று மற்றப் பெயரைக் கத்தினால், உங்கள் காவலர் அவரை வெளியே அனுப்ப வேண்டும். பாட்டில் எறிந்தால் அனுப்புகிறீர்கள் அல்லவா, அதுபோல. மறக்கத் தயார் என்று எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் எதையும் மறக்கச் சொல்லவில்லை.

முடியாது என்றால் அதையும் எழுதுங்கள். அவனுக்கு இங்கே ஒரு வேலை பார்த்து வைத்திருக்கிறோம்.

இது எத்தனை நாளைக்கு என்றும் கேட்டிருந்தீர்கள். பெரியம்மா இன்னும் பேசவில்லை. அவர் பேச ஆரம்பித்து, துக்கம் முடிந்துவிட்டது என்று பெரியவர்கள் சொன்னதும் உங்களுக்கு முதலில் எழுதுவேன். அதற்குப் பிறகு அந்தப் பெயரை அச்சிடுங்கள், எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் கத்துங்கள். அது நல்ல பெயர். நாங்களும் சேர்ந்து கத்துவோம்.

அதுவரை உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

லொரெய்ன் நக்காமரா டிக்சன்